அஸ்தினாபுரம் மாவு மில்லில் பதினேழாம் எண்

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். கோதுமை மணி எவ்வளவு கெட்டி என்று பார்க்க வந்தேன் என்றேன். அவர் என் முகத்தையும் கடவுச்சீட்டில் இருந்த முகத்தையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். "அதுக்கு இவ்ளோ தூரமா?" என்று கேட்டுவிட்டு முத்திரையைக் குத்தினார். கிள்ளானில் என் அம்மாவும் இதையேதான் கேட்டிருந்தார்.

நான் மலேசியாவில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் நாட்டில் கோதுமை விளைவதில்லை. ஆனால் காலையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா, மதியம் மஞ்சள் மீ நூடுல்ஸ், மாலையில் பிஸ்கட் என்று நாள் முழுக்கக் கோதுமையைத்தான் தின்கிறோம். அதனால் கோதுமையைப் பற்றிக் கவலைப்படச் சிலருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

விஷயம் இதுதான். கோதுமை மணியில் ப்யூரோஇண்டோலின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நானே அதைச் சரியாகச் சொல்ல ஒரு வருஷம் ஆனது. மாவுச்சத்துத் துகள்களின் மேல் இவை பூச்சாக ஒட்டியிருக்கும். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. இரண்டும் ஒழுங்காக இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று இறுகாது, மணி மெத்தென்று உடையும், பிஸ்கட் நன்றாக வரும். இரண்டில் ஒன்று பழுதானாலும் மணி கெட்டிப்படும். ரவைக்கு அரைக்கும் கோதுமையில் இந்த இரண்டுக்கும் உரிய மரபணுக்களே கிடையாது. அதனால் அது கோதுமைகளிலேயே கல்.

அந்த ரவைக் கோதுமையின் மஞ்சள் நிறமும் இனிப்பும் பிஸ்கட்டுக்கு வேண்டியிருந்தன. அதனால் அதற்குள் மெத்தென்ற கோதுமையின் மரபணுக்களைக் கொண்டுவர வட இந்தியாவில் ஒரு பயிர் விஞ்ஞானியும் எங்கள் கம்பெனியும் எட்டு வருஷமாகப் பாடுபட்டோம். ஒட்டுச் சேர்த்து விளைந்த வரிசைகளுக்கு எண் கொடுத்தோம். ஒன்று முதல் பதினாறு வரை ஊற்றிக்கொண்டது. சிலவற்றில் மரபணு இருக்கிறது என்று காகிதம் சொன்னது, மணி மட்டும் கல்லாகவே இருந்தது. மிச்சம் இருந்தது பதினேழு. இதுவும் கல் என்றால் மூட்டையைக் கட்டிவிடலாம் என்று என் மேலாளர் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் எனக்கு உடைந்த பிஸ்கட் எண்ணும் மேசைதான்.

மணியை ஒவ்வொன்றாக நசுக்கி அளக்கும் இயந்திரம் கேளம்பாக்கத்தில் ஒரு கல்லூரியில் இருந்தது. அப்படிப்பட்ட இயந்திரம் உள்ள ஊர்களில் எனக்குச் சோறு போட உறவுக்காரர் இருந்தது இங்கே மட்டும்தான். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி தாம்பரத்துக்குப் பக்கம் அஸ்தினாபுரத்தில் இருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விதைப் பொட்டலத்தை அவர் விலாசத்துக்கே கூரியரில் அனுப்பச் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய் இறங்கியபோது பொட்டலம் எனக்கு முன்பே வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தது. உள்ளே இரண்டு துணிப்பைகள். பெரியதில் தாய் ரகம், அசல் ரவைக் கோதுமை. சின்னதில் பதினேழு. இரண்டிலும் அட்டை வைத்து எழுதியிருந்தது. மணிகள் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள், நீளமாக, தேன் நிறத்தில்.

சித்தி எட்டிப் பார்த்தார். "என்ன கலா இது, கோதுமையா? சம்பா கோதுமை மாதிரி இருக்கே."

"ஆமா சித்தி, கோதுமைதான்."

"எங்க வைக்கட்டும்மா?"

"பூச்சி வராத இடமா வச்சிடுங்க சித்தி."

நான் பேசியது இவ்வளவுதான். ஆராய்ச்சி, எட்டு வருஷம், தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே வத்தக்குழம்பும் அப்பளமும் இருந்தன, எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை தாம்பரத்தில் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். மிஞ்சிய வடையை உதிர்த்துக் குழம்பில் போடும் இந்த யோசனை ஏன் எங்கள் ஊருக்குக் கப்பல் ஏறவில்லை என்று தெரியவில்லை. இரண்டாவது தட்டு கேட்டேன். பரிமாறியவர், "இன்னாக்கா, ஊர்ல துன்றதுக்கு ஒண்ணும் கெடைக்காதா?" என்று பரிவோடு விசாரித்து, கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றினார்.

கேளம்பாக்கம் பேருந்து வண்டலூர் தாண்டியதும் டயர் போய் நின்றுவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் எல்லோரும் தனித்தனியாகக் கைபேசியில் முகத்தைப் புதைத்திருப்போம். இங்கே ஐந்து நிமிடத்தில் பேருந்து முழுக்கச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஒரு அம்மாள் எனக்கு நெல்லிக்காய் கொடுத்தார். பின்னால் இரண்டு மாணவிகள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "இந்த அக்கா கைப்பையை இப்படித் திறந்து வைத்துக்கொண்டு போனால் ஊர் போய்ச் சேரும்போது பை மட்டும்தான் இருக்கும்," என்றாள் ஒருத்தி. கிள்ளானில் என் பக்கத்து வீடு தெலுங்கு வீடு. பையை மூடிவிட்டு, தெலுங்கிலேயே நன்றி சொன்னேன். இரண்டு பேரும் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டார்கள்.

கல்லூரியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரியா, "புதன்கிழமை உங்களுக்கு மெஷின் ஃப்ரீ மேடம். சாம்பிள மட்டும் பத்திரமா கொண்டு வந்துடுங்க" என்றார். பத்திரமாகத்தான் இருக்கிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மாலையில் வீடு திரும்பும்போது மொட்டை மாடியில் வேட்டி விரித்து ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. வடகம் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சித்தி என்னைக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு அழைத்துப்போனார். படி ஏறும்போது மூச்சு வாங்க நின்றோம். காற்று நன்றாக இருந்தது, கீழே ஏரி பளபளவென்று தெரிந்தது. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உன் கோதுமைய நேத்தே கழுவி மாடியில காய வச்சு எடுத்துட்டேன். வந்த பொண்ணுக்கு அதே கோதுமைல சப்பாத்தி போட்டுத் தரலாம்னு. இந்நேரம் உங்க சித்தப்பா மில்லுக்கு எடுத்துட்டுப் போயிருப்பார்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது சாப்பிடுகிற கோதுமை இல்லை சித்தி என்று ஆரம்பித்து, எட்டு வருஷத்தையும் அரை நிமிடத்தில் சொன்னேன். சித்தியின் முகம் வெளிறிப்போனது. அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் வீட்டுக்குள் கோதுமை வந்தால் கழுவுவார்கள், காயவைப்பார்கள், மில்லுக்கு அனுப்புவார்கள். கோதுமைதான் என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டோம். வழக்கம்போல் அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மில்லின் எண் எங்கள் இருவரிடமும் இல்லை.

"ஏறினது ஏறிட்டோம். ரெண்டு நிமிஷம் சாமியப் பாத்துட்டு ஓடிடலாம்," என்றார் சித்தி. ஓடிப்போய் நின்றேன். ஊரே நல்லது கேட்கும் இடத்தில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அஸ்தினாபுரத்தில் கரண்ட் போக வேண்டும். மலேசியாவிலிருந்து வந்த பக்தை என்று முருகன் குழம்பியிருக்கலாம். அன்று அஸ்தினாபுரத்தில் கரண்ட் ஒரு நொடி கூடப் போகவில்லை.

ஏறிய ஆட்டோ பம்மலில் இருமி இருமி நின்றது. டிரைவர் இறங்கி, குனிந்து, நிமிர்ந்து, "கேஸ் காலி அக்கா. காலைல ரொப்பிக்கலாம்னு இருந்தேன், மறந்துகினேன்," என்றார். கோபப்பட நேரமில்லை. ஷேர் ஆட்டோ ஒன்றில் முட்டியை மடக்கி உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒருவர் மடியில் புது மிக்ஸி வைத்திருந்தார். அரைக்கிற எதையும் பார்க்கப் பிடிக்காமல் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன்.

மாவு மில் அஸ்தினாபுரம் பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் இருக்கிறது. நடத்துபவர் மேரி அக்கா. நாற்பது வயது இருக்கும், புருவம் வரை மாவு. காலையில் கோதுமை, பிறகு அரிசி, கடைசியில் கேழ்வரகு என்று அங்கே சட்டம் உண்டு. டப்பாக்கள் வரிசையில் நிற்கும். மிளகாய்க்கு மட்டும் தனி மிஷின். நாங்கள் போய் இறங்கியபோது மிஷின் நின்றிருந்தது. மேரி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். எதிரே சித்தப்பா, சலவைச் சட்டையில், வகுப்பறையில் கேள்விக்குப் பதில் தெரியாத பையனைப் போல் நின்றார். சுற்றிலும் நாலு பேர் டப்பாவோடு வேடிக்கை.

"வாத்தியார் சார், எத்தினி வருசமா நம்ம மிஷினுக்கு வர்றீங்க. ஒரு நாளு ஊறுன கோதுமைய குடுத்துகீறீங்களா? இன்னிக்கு இன்னா ஆச்சி?"

"ஊறவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேத்து பூரா வெயில்ல காஞ்சுது," என்றார் சித்தப்பா.

"காஞ்ச கோதுமைன்னா மிஷின் ஏன் கத்தல? மொத டப்பா போட்டேன், தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துச்சி. ரெண்டாவது டப்பா ரெண்டு கை போட்டேன், சத்தமே இல்ல. பாருங்க, மாவு துணிலயே ஒட்டிகினு கீது, எறங்க மாட்டேங்குது. ஈரத்த அரைச்சா கல்லு அடைச்சிக்கும் சார். அப்புறம் கொத்தறது யாரு? எனக்குத்தான் பேஜாரு. அதான் நிறுத்திட்டேன்."

"எது ரெண்டாவது டப்பா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் திண்டின் மேலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். "இது உள்ள கெடந்துச்சி."

அட்டையில் பதினேழு என்று எழுதியிருந்தது. எழுத்து இருந்ததால் அட்டையைத் தூக்கி எறியாமல் சித்தி டப்பாவிலேயே போட்டுவைத்திருக்கிறார். அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

மாவு இறங்கும் துணிக்குழாய்க்குள் கையை விட்டேன். ரவைக் கோதுமை மாவு விரலில் மணல் மாதிரி நெருடும், உதறினால் உதிர்ந்துவிடும். இது முகப்பவுடர் போல வழுவழுவென்று விரல் ரேகையெல்லாம் அடைத்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. வேறு யாருடையதோ அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டேன். டப்பாக்காரர் பெருந்தன்மையோடு தள்ளி நின்றுகொண்டார்.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் ஒரு நிமிடம்தான். ஈரமான மணியும் மெத்தென்றுதான் அரைபடும். மேரி அக்கா சொல்வது சரியாக இருந்தால் நான் தொட்டது மரபணு இல்லை, சித்தி கழுவிய தண்ணீர். ரெண்டு கோதுமையும் ஒரே இடத்தில்தானே காய்ந்தன என்று சித்தியிடம் கேட்டேன். அவர் தயங்கினார்.

"சின்னப் பைய மட்டும் வாட்டர் டேங்க் பக்கம் போட்டேன் கலா. மத்தியானத்துக்கு மேல அங்க நிழல் வந்துடும்."

சித்தப்பா அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. சின்னப் பைதான் பதினேழு.

அரைபடாத மிச்சம் முக்கால் டப்பா இருந்தது. மேரி அக்கா தன் கல்லைக் காப்பாற்ற நிறுத்தியதால் பிழைத்த கோதுமை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்தேன். தாய் ரகம் முழுவதும் மாவாகிவிட்டது. அதன் கெட்டித்தன்மை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை. மாலையில் சித்தி அதில் சப்பாத்தி போட்டார். மஞ்சளாக, லேசான இனிப்போடு, மெல்ல மெல்லச் சுவை ஏறியது. குருமாவோடு ஆறு சாப்பிட்டேன். ஆராய்ச்சிப் பொருளை நான் இவ்வளவு நெருக்கமாக அறிந்ததில்லை. சித்தப்பா மட்டும் ஒன்றோடு எழுந்துவிட்டார். "நாலு பேர் முன்னாடி ஊறுன கோதுமைன்னு சொல்லிட்டாளே," என்று அவருக்கு ஆறவில்லை.

புதன்கிழமை காலை நான் கிளம்பும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வரேன். ஈரம் அளக்கிற மெஷின் அங்க இருக்குமில்ல?" என்றார். வழியெல்லாம் டப்பா அவர் மடியில்தான் இருந்தது.

பிரியா முதலில் ஈரத்தை அளந்தார். சித்தப்பா திரைக்கு அருகே போய்க் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பிரியா எண்ணைப் பார்த்தார். "நல்லா காஞ்சிருக்கு மேடம். கடைல வாங்குற கோதுமை எப்படி இருக்குமோ அதே அளவுதான்."

"நான் சொன்னேனா இல்லையா," என்றார் சித்தப்பா, அறையில் இருந்த எல்லோரிடமும்.

பிறகு மணிகள் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குள் விழுந்தன. முந்நூறு மணி. ஒவ்வொன்றும் நசுங்கும்போது டக் என்று ஒரு சின்னச் சத்தம், திரையில் ஒரு புள்ளி. ரவைக் கோதுமை என்றால் கெட்டித்தன்மைக் கணக்கு எண்பதைத் தாண்டி நிற்கும். முதல் புள்ளி இருபத்தாறில் விழுந்தது. ஒன்றை வைத்து ஆடக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டேன். ஐம்பது மணி ஆயிற்று, நூறு ஆயிற்று. புள்ளிகள் எல்லாம் கீழேயே கூட்டமாக நின்றன. முந்நூறு முடிந்ததும் பிரியா நாற்காலியைத் திருப்பினார்.

"மேடம், சாம்பிள் மாறிடுச்சா? ரவைக் கோதுமைன்னு எழுதியிருக்கீங்க. இது கேக் செய்யற கோதுமை மாதிரி காட்டுது."

மாறவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பதினாறு முறை மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டவள் நான். வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அவருக்குப் போன் போட்டேன். "அடுத்த வருஷத்துக்கும் திட்டம் எழுதி அனுப்பு," என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது. உள்ளே சித்தப்பா பிரியாவிடம் கெட்டித்தன்மை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த ஈரம் பாத்த கணக்க மட்டும் ஒரு ப்ரிண்ட் போட்டுக் குடும்மா," என்று கேட்டு வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, கோதுமை நேரத்தில், மில்லுக்குப் போனோம். அன்றும் வரிசையில் ஏழெட்டுப் பேர். அதுவும் நல்லது என்று சித்தப்பா நினைத்திருப்பார். காகிதத்தைப் பிரித்து நீட்டினார். மேரி அக்கா கையைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தார்.

"அப்ப ஈரம் இல்ல."

"இல்ல," என்றார் சித்தப்பா.

"அப்ப கோதுமையே மெத்துனு கீது."

"ஆமாக்கா," என்று நான் முந்திக்கொண்டு இரண்டு புரதங்களையும் இட்லித் தட்டு எண்ணெயையும் சொன்னேன். எட்டு வருஷம் என்றேன். கேளம்பாக்கத்து இயந்திரம் முந்நூறு மணியை நசுக்கிப் பார்த்துச் சொன்னது என்றேன். வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேரி அக்காவுக்கு வியப்பு ஒன்றும் இல்லை.

"நான் ரெண்டு கை போட்டதுமே சொன்னேனே, சத்தம் இல்லன்னு. சரி, வாத்தியார் சார், ஈரம்னு சொன்னது தப்புதான். மனசுல வச்சிக்காதீங்க."

சித்தப்பா காகிதத்தை மறுபடி நாலாக மடித்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மெத்தென்ற ரவைக் கோதுமை உலகத்துக்கு வந்ததில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அவருடைய வெற்றி வேறு.

டப்பாவில் மிச்சம் இருந்தது. வடக்கே விதை பத்திரமாக இருக்கிறது என்பதால் இதை அரைத்தால் குற்றமில்லை. போட்டுப் பார்க்கலாமா அக்கா என்று கேட்டேன். அவர் வரிசையை ஒரு பார்வை பார்த்தார், யாரும் மறுக்கவில்லை. கல்லை நெருக்கும் திருகைக் கொஞ்சம் இறுக்கி, மோட்டாரைப் போட்டு, பதினேழை மேலே கொட்டினார். மிஷின் கத்தவில்லை. பெல்ட் ஓடும் சத்தமும் தெருவில் காய்கறிக்காரர் கூவும் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. ஒருவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்து பார்த்தார். மேரி அக்கா துணிக்குழாயைத் தட்டித் தட்டி மாவை இறக்கினார், உள்ளங்கையில் ஏந்தினார், கட்டை விரலால் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"மோட்டாருக்கு பாரமே இல்ல," என்றார். "இது எப்ப வரும்?"

எட்டு வருஷமாக என்னிடம் எல்லோரும் இது எப்போது முடியும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எப்போது வரும் என்று யாரும் கேட்டதில்லை. வயல், விதைப் பெருக்கம், அனுமதி எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணி, "இன்னும் அஞ்சு வருஷம் ஆகும் அக்கா," என்றேன்.

மேரி அக்கா அடுத்த டப்பாவை இழுத்து மூடியைத் திறந்தார்.

"ஆவட்டும். மிஷின் இங்கதான கீது."